முறிவுக்குள் ஒலி போய்ச் சேர்ந்ததா? லிபஸ் கருவி பற்றிய அனுபவப் பகிர்வு

எலும்பியல் பிசியோ

எலும்பு முறிவுக்கு மீயொலி என்றதும் பிசியோ அறையில் ஏற்கெனவே இருக்கும் பெரிய கருவிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. "அதே அல்ட்ராசவுண்டுதானே, முறிவு மேலயும் அஞ்சு நிமிஷம் வெச்சா போச்சு" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம்.

தசை வலிக்கு வைப்பது 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ். செறிவு பெரும்பாலும் சதுர செ.மீ.க்கு 0.5 முதல் 2 வாட் வரை. ஒலி வரும் கருவித் தலையை ஓயாமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நின்றால் எலும்பின் மேலுறை சூடேறிச் சுரீரென்று வலிக்கும். எலும்பு கூடுவதற்கு வைக்கும் லிபஸ், அதாவது குறைந்த செறிவுள்ள துடிப்பு மீயொலி, வேறு ரகம். 1.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 200 மைக்ரோ விநாடி வரும், 800 மைக்ரோ விநாடி அடங்கும். நொடிக்கு 1000 முறை இப்படி. சராசரிச் செறிவு சதுர செ.மீ.க்கு 30 மில்லிவாட். தலையை அசைக்கவே கூடாது. நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம், வாரத்தில் ஏழு நாளும்.

1 வாட்டோடு ஒப்பிட்டால் இது முப்பத்து மூன்றில் ஒரு பங்கு. சூடும் தெரியாது, அதிர்வும் தெரியாது. அதனால் முதல் வாரத்திலேயே "மெஷின் ஓடவே இல்லை" என்ற புகார் வந்துவிடும். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் சரி என்று கருவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை குறையும். எதையாவது உணர வேண்டும் என்று கருவியை அழுத்தி அழுத்திப் பிடிப்பவர்களும் உண்டு. அழுத்தினால் ஜெல் பக்கவாட்டில் வழிந்து நடுவில் காய்ந்துபோகும், அவ்வளவுதான்.

இனி இடம் குறிப்பது. தவறு அதிகம் நடப்பது இங்கேதான். ஒலிக்கற்றையின் அகலம் சுமார் 22 மி.மீ. இரண்டு செ.மீ. தள்ளி வைத்தால் முறிவின் மேல் ஒலி படவே படாது. எக்ஸ்ரேயில் முட்டியிலிருந்து அளந்து, அதே அளவைத் தோலில் டேப் வைத்துக் குறிப்பது பரவலான வழக்கம். ஆனால் படத்தில் எலும்பு இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் விழும். விட்டம் தெரிந்த சிறு உலோகக் குண்டு ஒன்றைத் தோலில் ஒட்டி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு படம் எடுக்க வேண்டும். குண்டு படத்தில் எவ்வளவு பெரிதாகியிருக்கிறதோ அதே விகிதத்தில் தூரத்தைத் திருத்தி, குண்டை நகர்த்தி ஒட்டி, இன்னொரு படத்தில் சரிபார்த்துவிட்டு, அழியாத மையில் வட்டம் போடுங்கள். குளிக்கும்போது மங்கும், வாரம் ஒருமுறை மேலேயே வரைந்துகொள்ள வேண்டும். சாய்வான முறிவில் நடுப்புள்ளியைவிட, எந்த இடத்தில் புது எலும்பு பாலம் கட்டாமல் கறுப்புக் கோடு அப்படியே இருக்கிறதோ அதையே மையமாக எடுப்பது நல்லது.

மாவுக்கட்டு இருந்தால் ஒலித்தலையைத் தோலில் வைக்கக் கட்டில் ஒரு திறப்பு, அதாவது ஜன்னல், வெட்ட வேண்டும். கட்டுக்கு மேலே ஜெல் தடவி வைப்பதால் பயன் இல்லை. மாவிலும் பஞ்சிலும் இருக்கும் காற்று ஒலியை அப்படியே திருப்பிவிடும். ஜன்னல் வெட்டலாமா, எங்கே வெட்டலாம் என்பதைக் கட்டுப் போட்ட மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும், ஏனென்றால் முறிவை நேராகப் பிடித்துவைக்கும் அழுத்தம் சில சமயம் அதே இடத்தில்தான் இருக்கும். வெட்டும் வரிசை இது:

கட்டுப் போடுவதற்கு முன்பே, கட்டுக்கு வெளியே தெரியப்போகும் ஒரு எலும்பு முனையிலிருந்து முறிவுக்கு உள்ள தூரத்தை எழுதி வையுங்கள். மாவு நன்றாக இறுகிக் காய்ந்த பிறகே ரம்பம். அதிர்வு ரம்பத்தை மேலும் கீழுமாக அழுத்தி எடுக்க வேண்டும். இழுத்துக்கொண்டு போனால் தோல் சுடும். டிரான்ஸ்டியூசரை (ஒலி வரும் தலையை) விட எல்லாப் பக்கமும் அரை செ.மீ. கூடுதலாக ஒரு சதுரம். கீழே உள்ள பஞ்சைக் கத்தரியால் வெட்டி, விளிம்புக்கு மெத்தென்ற டேப். வெட்டி எடுத்த துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 20 நிமிடம் முடிந்ததும் ஜெல்லைத் துடைத்து, தோலைக் காயவைத்து, ஃபெல்ட் துண்டும் அந்த மாவுத் துண்டும் பழைய இடத்திலேயே வைத்து மேலே பேண்டேஜ் சுற்ற வேண்டும். திறந்தே விட்டால் கட்டுக்குள் இருக்கும் அழுத்தம் ஜன்னல் வழியாகத் தோலை வெளியே பிதுக்கும். இரண்டே நாளில் இட்லி மாதிரி உப்பி, விளிம்பில் தோல் அறுபடும். துடைக்காமல் விட்ட ஜெல் பஞ்சில் ஊறித் தோல் வெளுத்து, நாற்றம் வரும். இந்த இரண்டும்தான் ஜன்னலில் வரும் வழக்கமான வம்பு.

கருவிப் பொறியாளர்

மேலே உள்ள எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இந்தக் கருவியின் குணம் புரியும். 200 மைக்ரோ விநாடிக்குள் 1.5 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்பில் 300 அலை. ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் ஒலி இருக்கிறது, ஆகவே ஒலிக்கும் கணத்தில் செறிவு 150 மில்லிவாட், சராசரிதான் 30. 20 நிமிடத்தில் 12 லட்சம் துடிப்பு, ஆனால் உண்மையில் ஒலித்தது 4 நிமிடம் மட்டுமே. மொத்த ஆற்றல் சதுர செ.மீ.க்கு 36 ஜூல். பிசியோ கருவி 1 வாட்டில் தொடர்ந்து 5 நிமிடம் ஓடினால் 300 ஜூல். லிபஸ் வைத்த இடத்தில் வெப்பம் ஒரு டிகிரிகூட ஏறாது. ஆகவே இதைச் சூட்டு வைத்தியமாக நினைக்கவே கூடாது. செல்களை மெல்லத் தள்ளித் தள்ளி விடும் இயந்திர விசைதான் இதன் வேலை.

பெரிய கருவியையே குறைத்து வைத்துக்கொள்ளலாமே என்ற கேள்வி அடிக்கடி வரும். 0.15 வாட்டும் 20 சதவீதத் துடிப்பும் வைத்தால் கணக்குப்படி 30 மில்லிவாட் வருகிறது, உண்மை. ஆனால் அந்தக் கருவிகளில் துடிப்பு பெரும்பாலும் நொடிக்கு 100 தான். 2 மில்லி விநாடி ஒலி, 8 மில்லி விநாடி மௌனம். திரையில் காட்டும் செறிவு துடிப்புக்குள் இருக்கும் செறிவா, சராசரியா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அளவுகோலின் அடிமட்டத்தில் காட்டும் எண்ணை நம்பவும் முடியாது. அதைவிட முக்கியம், அந்தத் தலைகளின் கற்றை சீராக இருக்காது. உச்சப் புள்ளியில் சராசரியைவிட ஐந்து, ஆறு மடங்கு இருப்பது சகஜம். சுழற்றிக்கொண்டே இருக்கச் சொல்வது அதனால்தான். அதை ஒரே இடத்தில் 20 நிமிடம் நிறுத்தி வைப்பது வேறு விளையாட்டு.

ஆழக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தசையில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய 1 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், 1.5 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு 2 செ.மீ.க்கும் செறிவு பாதியாகும். முழங்காலுக்குக் கீழுள்ள டிபியா எலும்பு தோலுக்கு அடியிலேயே கிடக்கிறது, இழப்பு சொற்பம். மணிக்கட்டுப் பக்கம் உள்ள ரேடியஸ் எலும்பும் அப்படியே. தொடை எலும்பு, தசை கனத்த ஒருவருக்கு 6 செ.மீ. ஆழத்தில் இருக்கும், 30 என்று கிளம்பியது அங்கே 4 மில்லிவாட்டுக்கும் கீழே போய்ச் சேர்கிறது. கருவி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி "பீப்" அடித்து "சிகிச்சை முடிந்தது" என்றுதான் காட்டும். தொடையில் வைக்கும்போது தசை மெலிந்த பக்கத்தைத் தேடி வைப்பதற்கு இதுதான் காரணம்.

காற்று பற்றி ஒரு வரி. தோலுக்கும் காற்றுக்கும் இடையே ஒலித்தடை வித்தியாசம் அவ்வளவு பெரியது, 99.9 சதவீதம் திரும்பிவிடும். காகித கனத்துக்குக் காற்று இருந்தாலே போதும். முடி அடர்ந்த காலில் முடிக்கு நடுவே குமிழ் தங்கும். கத்தரித்துவிட்டு, ஜெல்லை விரலால் தேய்த்து உள்ளே இறக்கிய பிறகே தலையை வைக்க வேண்டும். வலிக்குத் தடவும் கிரீமோ தைலமோ ஜெல்லுக்கு மாற்று ஆகாது.

சோதனைக்கு வருவோம். பிசியோ கருவித் தலையை மேல்நோக்கிப் பிடித்து, சுற்றிலும் டேப் ஒட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் நீர் துள்ளும். அதே சோதனையை லிபஸ் தலையில் செய்து "செத்துப்போச்சு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 30 மில்லிவாட்டில் தண்ணீர் துள்ளாது! சரியான வழி இரண்டு. ஒலி தண்ணீருக்குள் ஒரு தட்டைத் தள்ளும் விசையை அளக்கும் கதிர்வீச்சு விசைத் தராசில் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 68 மில்லிகிராம் விசை கிடைக்கும். வழக்கமான லிபஸ் தலையின் ஒலிபரப்பும் பரப்பு 3.88 சதுர செ.மீ., மொத்தத் திறன் சுமார் 117 மில்லிவாட். ஆகவே தராசு காட்ட வேண்டியது 8 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் படித்தரம் உள்ள தராசு இதற்குப் போதாது, எட்டில் ஒன்று பிசகிவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்து ஊற்றுங்கள். இல்லாவிட்டால் ஒலியை உறிஞ்சும் அந்தத் தட்டில் குமிழ் ஒட்டி, அளவு ஆடிக்கொண்டே இருக்கும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

தராசு இல்லையென்றால் இன்னொரு டிரான்ஸ்டியூசரை எதிரெதிரே ஜெல் வைத்து ஒட்டி, மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை 200 மைக்ரோ விநாடிக் கட்டு தெரிந்தால் ஒலி வருகிறது என்று அர்த்தம். செறிவு சரியா என்பது இதில் தெரியாது. உயிர் இருக்கிறதா என்பது தெரியும்.

சில கருவிகள் ஜெல் இல்லாவிட்டால் தாமே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைக்குத் தெரிவது தலைக்கு முன்னால் ஜெல் இருக்கிறதா என்பது மட்டுமே. கீழே முறிவு இருக்கிறதா என்று அதற்கு எங்கே தெரியும்?

மருத்துவ மாணவி

ஒரு சந்தேகம். பிளேட் போட்ட முறிவில் பிளேட்டுக்கு மேலேயே வைக்கலாமா? உலோகம் சூடாகும்னு ஒருத்தர் சொல்றார், ஆகாதுன்னு இன்னொருத்தர் சொல்றார்.

கருவிப் பொறியாளர்

சூடு பிரச்சினை இல்லம்மா, இந்தச் செறிவில் கவலைப்பட ஒன்றும் கிடையாது. பிரச்சினை நிழல். தசையிலிருந்து எஃகில் மோதும் ஒலியில் ஏறக்குறைய 87 சதவீதம் திரும்பிவிடும், டைட்டானியத்தில் 79. பிளேட்டுக்குக் கீழே இருட்டுதான். எதிர்ப்பக்கத்திலிருந்து, அல்லது பிளேட்டின் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டிலிருந்து வையுங்கள். உள்ளே கம்பி செலுத்திய முறிவில் இந்தத் தொல்லை இல்லை, கம்பி எலும்புக்குள்ளே இருப்பதால் வெளிச்சுவரும் காலஸும் (முறிவைச் சுற்றி வளரும் புதுத் திசு) கம்பிக்கு முன்பே ஒலியைச் சந்திக்கின்றன.

அறுவை மருத்துவர், எலும்பு கூடாமை

கருவியைச் சரியாக வைப்பது பற்றி நிறையப் பேசியாயிற்று. யாருக்கு வைப்பது என்பதையும் பேசுவோம், ஏனென்றால் வீணாகப் போகும் கருவிகளில் பெரும்பாலானவை வைக்கவே தேவையில்லாத முறிவில்தான் வைக்கப்படுகின்றன.

1980களில் பிரேசிலில் டுவார்ட்டே முயல்களில் தொடங்கிய வேலை இது. 1994ல் ஹெக்மன் குழு வெளியிட்ட ஆய்வில், மாவுக்கட்டில் வைத்த டிபியா முறிவு 154 நாளுக்குப் பதில் 96 நாளில் கூடியது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. 1997ல் கிறிஸ்டியான்சன் குழு மணிக்கட்டு ரேடியஸில் 98 நாளுக்குப் பதில் 61 நாள் என்று காட்டியது. 2000ல் கூடாத முறிவுகளுக்கும் அனுமதி நீண்டது. இதுவரை படித்துவிட்டு நிறுத்துபவர்கள் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். 2016ல் வந்த டிரஸ்ட் ஆய்வு, உள்கம்பி போட்ட டிபியா முறிவுள்ள 501 பேர், உண்மைக் கருவியும் போலிக் கருவியும். எக்ஸ்ரேயில் கூடும் நாளிலும் வித்தியாசம் இல்லை, நோயாளி நடமாடும் திறனிலும் இல்லை. 2017ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் நிபுணர் குழு, எலும்பு முறிவுகளுக்கும் அறுவையில் வெட்டிய எலும்புக்கும் இதை வைக்க வேண்டாம் என்று உறுதியாகவே பரிந்துரைத்தது. பழைய ஆய்வுகள் பொய் என்று சொல்ல வரவில்லை. அவை சிறியவை, மாவுக்கட்டுக் காலத்தவை. இன்று நல்ல கம்பி போட்ட சாதாரண முறிவு தானாகவே கூடிவிடுகிறது, அதில் இன்னும் விரைவுபடுத்த இடம் குறைவு. டிரஸ்டில் பாதிக்கு மேற்பட்ட சிகிச்சை நாட்களைச் செய்தவர்கள் 73 சதவீதம் பேர்தான் என்பதைக் காட்டி வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வில் இருந்தவர்களே அவ்வளவுதான் செய்தார்கள் என்றால், வீட்டில் தனியாக விடப்பட்டவர் எவ்வளவு செய்வார்?

ஆகவே புது முறிவுக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. மிச்சம் இருப்பது கூடாத முறிவு. ஒன்பது மாதம் கடந்தும் கூடாமல், கடைசி மூன்று மாதத்தில் எக்ஸ்ரேயில் முன்னேற்றமே இல்லாத முறிவு. சிகிச்சைகளை மதிப்பிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2013ல் நீள எலும்புகளில் இப்படிப்பட்டவற்றுக்கு இதை ஆதரித்தது. மறு அறுவையைத் தவிர்க்கலாம் என்பதே வாதம். இங்கும் ஒரு எச்சரிக்கை: இந்தத் தரவுகளில் பெரும்பாலானவற்றில் ஒப்பீட்டுக் குழுவே கிடையாது. "இத்தனை மாதம் கூடாதது இப்போது கூடியது" என்பதே ஆதாரம். வலுவான ஆதாரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மறு அறுவை தாங்காத ஒருவருக்கு முயன்று பார்க்கும் அளவுக்கு உண்டு.

எக்ஸ்ரேயில் முனைகளைப் பாருங்கள். யானைப் பாதம் போல விரிந்து, காலஸ் நிறைய இருந்தும் நடுக்கோடு மட்டும் மூடாமல் இருந்தால் அங்கே இரத்த ஓட்டம் இருக்கிறது, ஆட்டம்தான் அதிகம். கம்பியோ பிளேட்டோ ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் லிபஸுக்கு வாய்ப்பு உண்டு. ஆட்டம் நிற்காமல் எந்த ஒலி வைத்தும் புண்ணியமில்லை. முனைகள் பென்சில் சீவியது போல ஒடுங்கி, காலஸே இல்லாமல் இருந்தால் அங்கே இரத்தமும் இல்லை, செல்லும் இல்லை. எலும்பு ஒட்டு தேவைப்படும் இடம் அது. இடைவெளி ஒரு செ.மீ.யைத் தொட்டாலும் அப்படியே. உள்ளே சீழ் இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். கோணல் விழுந்திருந்தால் கோணலாகவே கூடிவிடும், அது இன்னொரு தலைவலி. கட்டியால் உடைந்த எலும்பில் வைக்கவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும், வளர்ச்சித்தட்டு மூடாத பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு நிறுவப்படவில்லை.

வலி மாத்திரை விஷயம் பலர் கவனிக்காதது. லிபஸ் செல்லுக்குள் வேலை செய்யும் பாதையில் காக்ஸ்-2 நொதி ஒரு முக்கியக் கண்ணி. அந்த மரபணுவை நீக்கிய எலிகளில் லிபஸ் முறிவை விரைவுபடுத்தவில்லை. காக்ஸ்-2வைத் தடுக்கும் வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே கருவியையும் வைப்பது, ஒரு கையால் ஊற்றி மறு கையால் உறிஞ்சுவது போல. மனிதர்களில் இது எவ்வளவு என்பது தனிக் கேள்வி. ஆனால் மாற்று மாத்திரை இருக்கும்போது ஏன் சூதாட வேண்டும். புகையும் அப்படியே. வைட்டமின் டி அளவைப் பார்க்காமல் கருவியை எழுதாதீர்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கோணத்தில் எக்ஸ்ரே. மூன்று மாதத்தில் ஒரு பக்கத்தில்கூடப் பாலம் தொடங்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு அடுத்த வழி. "இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்" என்று ஓராண்டை ஓட்டிவிடுவதுதான் இந்தக் கருவி செய்யக்கூடிய பெரிய கெடுதல்.

ஆய்வகம், இரத்தநாளம்

இரத்தநாளப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். முறிவு கூடும்போது முதலில் இரத்தக் கட்டி, பிறகு குருத்தெலும்பாலான மெத்தென்ற காலஸ், அதன் பின்பே எலும்பு. குருத்தெலும்பு எலும்பாக மாற வேண்டுமானால் அதற்குள் இரத்தநாளம் நுழைந்தாக வேண்டும். பெருத்த குருத்தெலும்பு செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து நாளத்தை வரவழைக்கின்றன. லிபஸ் பட்ட எலும்பு செல்கள் வளர்ப்புத் தட்டில் வி.இ.ஜி.எஃப்.ஐ அதிகம் சுரப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன. 2003ல் நாய்களின் முன்னங்கால் எலும்பை வெட்டி, இரத்த ஓட்டத்தைக் காட்டும் பவர் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தபோது ஒலி வைத்த பக்கம் இரத்த ஓட்டம் கூடியிருந்தது. எலித் தொடையெலும்பில் 24 நாளை எட்டு எட்டு நாளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தில் மட்டும் ஒலி வைத்துப் பார்த்த அசூமா குழு (2001), எந்தக் கட்டத்தில் வைத்தாலும் பலன் தெரிந்ததாகவும், முழு 24 நாளும் வைத்ததே மேல் என்றும் காட்டியது. நாளத்துக்கு மட்டும், காலஸுக்கு மட்டும் என்று ஒலி தனித்தனியாக வேலை செய்வதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

தட்டில் கிடைக்கும் இந்த முடிவுகளை நம்பும் முன் எப்படி ஒலி வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான கோளாறு அங்கேதான்.

டிரான்ஸ்டியூசரைத் தட்டுக்கு அடியில் ஜெல் வைத்து ஒட்டுவது வழக்கம். ஒலி பிளாஸ்டிக்கைத் தாண்டி, செல்லைத் தாண்டி, திரவத்தின் மேற்பரப்பில் காற்றைச் சந்தித்துத் திரும்புகிறது. போகும் அலையும் வரும் அலையும் கலந்து நிலை அலை ஆகிறது. அதில் அசைவே இல்லாத இடம் கணு, அதிகம் அசையும் இடம் எதிர்க்கணு. 1.5 மெகாஹெர்ட்ஸில் நீரில் அலைநீளம் சுமார் 1 மி.மீ.; கணுவுக்கும் கணுவுக்கும் இடையே அரை மி.மீ. அதாவது திரவ மட்டம் கால் மி.மீ. இறங்கினால் செல் இருக்கும் இடம் கணுவிலிருந்து எதிர்க்கணுவுக்கு மாறிவிடும். ஆறு குழித் தட்டில் ஒரு குழியின் பரப்பு ஏறக்குறைய 9.5 சதுர செ.மீ.; கால் மில்லிலிட்டர் ஆவியானாலே மட்டம் கால் மி.மீ. இறங்கிவிடும். அடைகாப்பானில் ஓரக் குழிகள் இப்படித்தான் வேறு முடிவு தருகின்றன, அதை உயிரியல் வேறுபாடு என்று எழுதிவிடுகிறார்கள். மேலே ஒலியை உறிஞ்சும் ரப்பர் துண்டைத் திரவத்தில் தொடும்படி வைத்தால் எதிரொலி பெரிதும் அடங்கும். ரப்பருக்கு அடியில் குமிழ் சிக்கக் கூடாது, சாய்த்து இறக்க வேண்டும்.

இரண்டாவது கோளாறு சூடு. ஒலி சூடாக்காது, சரி. ஆனால் டிரான்ஸ்டியூசரின் முகம் மின்சாரத்தால் சற்றுச் சூடாகும், அது நேரே தட்டின் அடியில் ஒட்டியிருக்கிறது. போலிச் சிகிச்சைத் தட்டிலும் அதே தலையை, அதே ஜெல்லோடு, அணைத்த நிலையில் வைப்பது கட்டாயம். கூடவே வெப்பத்தை அளக்கும் மெல்லிய வெப்பமின்னிரட்டை ஒன்றை ஒரு வெற்றுக் குழியில் போட்டு 20 நிமிடமும் பதிவு செய்யுங்கள். வி.இ.ஜி.எஃப். சுரப்பு வெப்பத்துக்கும் அசையும் என்பதால் இதை விட்டுவிட்டு எடுத்த முடிவு எதற்கும் உதவாது.

குழாய் உருவாகும் சோதனையில் நாள உட்சுவர் செல்களை மேட்ரிஜெல் என்ற புரத ஜெல்லில் விட்டால் 4 முதல் 8 மணி நேரத்தில் வலை கட்டும், பிறகு சிதையும். ஒரு குழுவை 6 மணியிலும் மறு குழுவை 9 மணியிலும் படமெடுத்தால் நாளம் "குறைந்தது" போலத் தெரியும். ஒலி வைக்கும் 20 நிமிடமும் தட்டு வெளியே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தொல்லை கொடுத்த அதே நிலை அலையை வேலைக்கு எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டயான் டலெக்கி, டெனிஸ் ஹாக்கிங் குழு 1 மெகாஹெர்ட்ஸ் அளவிலான நிலை அலையால், இறுகிக்கொண்டிருக்கும் கொலாஜன் ஜெல்லுக்குள் நாள உட்சுவர் செல்களைப் பட்டை பட்டையாக ஒதுக்கியது. ஜெல் இறுகிய பின் ஒலியை நிறுத்திவிடலாம்; செல்கள் வரிசை கலையாமல் நிற்கும், பிறகு அங்கிருந்தே நாள வலை கிளைக்கும். 2011ல் வெளியான வேலை. செல்லைத் தூண்டுவதைவிட அதன் இடத்தை மாற்றுவது என்பது வேறொரு கோணம், ஒட்டு எலும்புக்குள் முன்கூட்டியே நாளம் வைக்க நினைப்பவர்களுக்கு உபயோகப்படும்.

காயப் பராமரிப்புச் செவிலியர்

நாளம் என்றதும் ஆறாத கால்புண்ணுக்கும் இதே கருவியை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். அது இந்தக் கருவி இல்லைங்க. டிரெக்செல் பல்கலைக்கழகம் 2013ல் சிரைப் புண்ணில் பார்த்தது 20 கிலோஹெர்ட்ஸ், சதுர செ.மீ.க்கு 100 மில்லிவாட்டுக்குக் கீழே, 15 நிமிடம். நோயாளிகள் மிகக் குறைவு. 20 கிலோஹெர்ட்ஸில் அலைநீளமே 7 செ.மீ.க்கு மேல், எலும்புக் கருவியின் 1 மி.மீ.யோடு ஒப்பிடவே முடியாது.

திறந்த காயத்துக்குப் பக்கத்தில் முறிவு இருந்தால் ஒரு நடைமுறை: நுரை டிரெஸ்ஸிங் மேலே வைத்தால் உள்ளே இருக்கும் காற்று மொத்தத்தையும் தடுக்கும். மெல்லிய ஒளிபுகும் படலத்தைச் சுருக்கமோ குமிழோ இல்லாமல் ஒட்டி, அதன்மேல் ஒருமுறை பயன்படுத்தும் கிருமியற்ற ஜெல் பாக்கெட். பெரிய பாட்டில் ஜெல்லைக் காயத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பாட்டில் வாயில் கிருமி வளர்ந்திருக்கலாம்.

எலும்பியல் பிசியோ

நோயாளி வீட்டில் ஒழுங்காகச் செய்கிறாரா என்பதற்கு எல்லாரும் கருவியின் பதிவைத்தான் பார்க்கிறார்கள். 60 நாள், 60 முறை, ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்று காட்டும். கருவி ஓடியதற்கு அது சாட்சி. கால்மேல் ஓடியதற்கு இல்லை. கட்டிலில் வைத்து ஓடவிட்டாலும் எச்சரிக்கை இல்லாத கருவி அதையே பதியும்.

பட்டையின் இறுக்கத்தைப் பார்க்கலாம், வைக்கும் வட்டத்தில் தோல் மற்ற இடத்தைவிட மென்மையாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாம். அதைவிட எளிதானது, அடுத்த முறை வரும்போது ஜெல் பாட்டிலையும் கொண்டுவரச் சொல்வது. ஒருமுறைக்கு 3 மில்லி ஜெல் என்றால் 60 நாளில் 180 மில்லி போயிருக்க வேண்டும். 250 மில்லி பாட்டில் முக்கால்வாசி நிறைந்து வந்தால் எக்ஸ்ரே பார்ப்பதற்கு முன்பே, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்படி வைக்கிறீங்க, ஒருதடவை செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள்.